சேலத்தில் உட்கார்ந்து கணக்கை விற்பது எப்படி

பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. கணிதமோ, கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் ஏதோ ஒரு பிரிவோ முடித்துவிட்டு, கொஞ்சம் பைத்தானும் கையில் வைத்துக்கொண்டு, பெங்களூருக்கு பஸ் ஏறாமல் இங்கேயே ஃப்ரீலான்ஸாகப் பிழைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்காக இது. முடியும். ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது எந்த லாங்குவேஜ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று, அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. உங்களுக்கு மேட்ரிக்ஸ் தெரியும் என்பதற்காக யாரும் காசு தரமாட்டார்கள், அவர்களுக்கு இரும்போ டீசலோ தீவனமோ மிச்சமானால் தருவார்கள், அதற்குக் கணக்கு போடத் தெரிவதைவிட எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். சீலநாயக்கன்பட்டி பைபாஸ் பக்கம் ஒரு கிரில் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பைப் 6 மீட்டர் நீளத்தில் வருகிறது (பட்டறையில் இருபது அடி பைப் என்றுதான் சொல்வார்கள்). ஒரு ஆர்டருக்கு 250 செ.மீ. துண்டு 20, 170 செ.மீ. துண்டு 30 வேண்டும். வெட்டுபவர் வழக்கமாகப் பெரியதை முதலில் முடிப்பார்: ஒரு பைப்பில் இரண்டு 250, ஆக 10 பைப், அப்புறம் ஒரு பைப்பில் மூன்று 170, அது ஒரு 10. மொத்தம் 20 பைப். நீங்கள் உட்கார்ந்து யோசித்தால், ஒரு 250ம் இரண்டு 170ம் சேர்ந்தால் 590, மிச்சம் வெறும் 10 செ.மீ. என்பது தெரியும். இப்படி 15 பைப் வெட்டினால் 170 முழுக்க முடிந்துவிடும், பாக்கி ஐந்து 250க்கு மூன்று பைப், மொத்தம் 18. இதை சைபை என்ற பைத்தான் நூலகத்தின் லீனியர் புரோகிராமிங் (நிபந்தனைகளுக்குள் செலவைக் குறைக்கும் கணக்கு) பகுதியில் போட்டால் 17.5 என்று விடை வரும், இரண்டரை பைப்பை இரண்டிரண்டு 250ஆக வெட்டு என்று சொல்லும். அரை பைப் எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதால் முழு எண் நிபந்தனை போட வேண்டும், ஆனால் அந்த 17.5 வீண் இல்லை: 18க்குக் கீழே யாராலும் போக முடியாது என்பதற்கு அதுதான் சாட்சி. 'இதைவிடக் குறைக்க முடியாதா' என்று ஓனர் கேட்கும்போது கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.

இதோடு முடிந்தது என்று பில் போடப் போனால்தான் வம்பு. முதலில், பிளேடு ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தின்னும். இங்கே 10 செ.மீ. மிச்சம் இருப்பதால் பரவாயில்லை, ஆனால் 170க்குப் பதில் 175 கேட்டிருந்தால் 250+175+175 காகிதத்தில் கச்சிதமாக 600, பட்டறையில் கடைசித் துண்டு குட்டையாக நிற்கும். அடுத்தது இன்னும் பெரியது. பழைய முறையில் பத்து 100 செ.மீ. துண்டும் பத்து 90 செ.மீ. துண்டும் மிஞ்சின இல்லையா, அது வீண் என்று நீங்கள் கணக்கு போட்டிருப்பீர்கள். ஓனரைக் கேட்டால், "அது எப்படி தம்பி வீணாப் போவும், சின்ன ஜன்னல் கிரில்லுக்கு அதைத்தான எடுப்போம்" என்பார். உங்கள் புது முறையில் மிஞ்சுவது பெரும்பாலும் 10 செ.மீ. பொடித்துண்டு, அது நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அவருக்கு வாராவாரம் ஜன்னல் ஆர்டர் இருந்தால் உங்கள் 18 அவருடைய 20ஐ விட நஷ்டம். ஆகவே மிச்சத் துண்டுக்கும் ஒரு விலை வைத்து மாடலில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஜன்னல் துண்டுகளையும் தேவைப் பட்டியலிலேயே ஏற்ற வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் யாராவது புரோகிராம் எழுத ஆரம்பித்தால் அவரிடம் வேலை கொடுக்காதே என்று நானே அந்த ஓனரிடம் சொல்வேன்.

அளவுகள் இரண்டு இருந்தால் கையாலேயே போடலாம். இருபது முப்பது அளவு வந்தால் வெட்டும் வகைகள் லட்சக்கணக்கில் பெருகும், எல்லாவற்றையும் பட்டியல் போட முடியாது. அதற்கு கில்மோர், கோமரி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1961ல் ஒரு வழி சொன்னார்கள்: சில வகைகளோடு தொடங்கி, விடையை மேம்படுத்தக்கூடிய புது வகையை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பது. இதைக் கட்டாயம் படியுங்கள், பட்டறை மட்டுமல்ல, பேப்பர் ரோல், துணி என்று பல இடங்களில் இதே கணக்கு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்.

விடை கண்டுபிடிப்பது இன்று மலிவு. 1947ல் டான்சிக் என்ற அமெரிக்கக் கணிதர் இந்த மாதிரிக் கணக்கைத் தீர்க்க சிம்ப்ளெக்ஸ் முறையைக் கொண்டுவந்த சமயத்தில், 77 உணவுப் பொருளில் 9 சத்து கிடைக்கிற மலிவான கலவையைக் கண்டுபிடிக்க ஒன்பது குமாஸ்தாக்கள் மேசைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கணக்கு போட்டார்கள், 120 ஆள்நாள் பிடித்தது. இப்போது அதற்கு லேப்டாப்பில் ஒரு நொடிகூட ஆகாது, கருவிகளும் இலவசம்: ஹைஸ், கூகுளின் ஓஆர்-டூல்ஸ் இரண்டுமே தாராளமான உரிமத்தில் வருகின்றன, கிளையண்ட்டின் மென்பொருளுக்குள் வைத்துக் கொடுக்கலாம். ஜிஎல்பிகேயும் இலவசம்தான், ஆனால் அது ஜிபிஎல் என்ற உரிமத்தில் வருகிறது, அதைச் சேர்த்து வெளியே கொடுத்தால் உங்கள் புரோகிராமையும் திறந்து காட்ட வேண்டி வரலாம். உரிமத்தைப் படிக்காமல் எதையும் சேர்க்காதீர்கள்.

படிக்க வேண்டியது என்று கேட்டால், லீனியர் அல்ஜீப்ரா, புள்ளியியல், ஆப்டிமைசேஷன், எண்முறைகள், இவ்வளவுதான், என்பிடெல் என்ற இணையப் பாடத்தளத்தில் எல்லாமே காசில்லாமல் கிடைக்கிறது. காலேஜில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பரில் வோகல் முறையில் கட்டம் போட்டு மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள், அது பரீட்சைக்குச் சரி, யாருக்கும் அதை விற்க முடியாது. இன்னொன்று, தசமம். பைத்தானில் 0.1+0.2 சரியாக 0.3 ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும், round(2.5) கேட்டால் 3 வராமல் 2 வரும் என்று பலருக்குத் தெரியாது, பாதியில் நிற்கும் எண்ணை அது இரட்டைப்படைப் பக்கம் தள்ளும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு எடையும் டச்சும் (வெள்ளியின் சுத்தம்) பெருக்கி ரசீது போடும் வியாபாரியிடம் இதைக் கொண்டுபோனால், அவர் பேனாவால் போட்ட கணக்கும் உங்கள் ஸ்கிரீனும் ஒத்துப்போகாது, அதோடு உங்கள் பேச்சு அங்கே எடுபடாது. எடையை மில்லிகிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாக வையுங்கள், எங்கே எப்படி முழுமையாக்குவது என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கிளையண்ட் எங்கே? சங்ககிரி லாரிகளுக்கு எந்த லோடை எந்த வண்டியில் ஏற்றுவது என்ற கேள்வி தினமும் இருக்கிறது. சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்து பாயிண்ட்டைப் பார்த்து விலை போடுகிறார்கள், எந்தத் தோட்டத்துக் கிழங்கை எப்போது எடுத்தால் கட்டும் என்பது நல்ல கணக்கு. நாமக்கல் கோழித் தீவனக் கலவை பாடப்புத்தக உதாரணம் மாதிரியே இருக்கும், அதனாலேயே பெரிய தீவன ஆலைகளிடம் ஏற்கெனவே மென்பொருள் இருக்கிறது, அங்கே போய் அதையே மறுபடி விற்க நிற்காதீர்கள். தெரிந்த ஒருவர் மூலமாகப் போங்கள், இந்த ஊரில் முன்பின் தெரியாத இமெயிலுக்குப் பதில் வருவது அபூர்வம்.

விலை பேசும்போது மணிக்கணக்கில் பேசாதீர்கள். முதலில் ஒரு சின்னத் தொகைக்கு, போன மூன்று மாதத்து நோட்டையும் எக்செல்லையும் வாங்கிப் பார்த்து, மிச்சப்படுத்த எதுவும் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் வேலையாக எடுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், அந்த நேர்மையை நம்பி அடுத்த ஆள் வருவார். இருக்கிறது என்றால் மட்டும் பெரிய வேலை, மூன்று தவணையில் பணம், கடைசித் தவணை எப்போது என்பதை 'திருப்தியான பிறகு' என்று எழுதாமல், 'போன மாதத்து ஆர்டர்களை இதில் போட்டால் அவர்கள் உண்மையில் செலவழித்ததைவிடக் குறைவான பைப் வர வேண்டும்' என்பது போல அளந்து பார்க்கக்கூடிய விதத்தில் எழுதுங்கள். தரவு தர அவர்கள் இழுத்தடித்தால் நாள் தள்ளிப்போகும் என்பதையும் சேருங்கள், கட்டாயம் இழுத்தடிப்பார்கள்.

வெளிநாட்டு வேலை வந்தால் காகிதம் கொஞ்சம் கூடும். பணம் எதற்காக வருகிறது என்று வங்கி கேட்கும் பர்ப்பஸ் கோடு மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. அமெரிக்க கிளையண்ட் டபிள்யூ-8பென் படிவம் கேட்பார், பயப்பட ஒன்றுமில்லை, நீங்கள் அமெரிக்கர் இல்லை என்ற உறுதிமொழிதான். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு, பதிவு எடுத்தபின் ஏற்றுமதி பில்லுக்கு வரி கட்டாமல் இருக்க எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம், அதை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகப் போட வேண்டும். மீதியை ஆடிட்டரிடம் விடுங்கள்.

ஏற்காட்டில் வீடெடுத்து மூடுபனியில் புரோகிராம் எழுதலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வெளிநாட்டு வேலை மட்டும் என்றால், மழைக்காலத்துக்கு ஒரு இன்வெர்ட்டரும் இரண்டு சிம்மும் வைத்துக்கொண்டு தாராளமாக இருங்கள். உள்ளூர் கிளையண்ட் என்றால் பட்டறை கீழே இருக்கிறது, ஒவ்வொரு சந்தேகத்துக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும், ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடி அறை போதும்.

வேலையை ஒப்படைக்கும்போது கிராஃபும் டேஷ்போர்டும் வைக்காதீர்கள். வெட்டுபவர் கையில் போகப்போவது ஒரு ஏ4 தாள்: எந்தப் பைப்பை எப்படி வெட்டுவது, எத்தனை பைப், மிச்சத் துண்டு எங்கே போட வேண்டும், எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில். அவர் அதைப் பார்த்து ஒரு நாள் முழுக்க வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, மாற்ற வேண்டியதை மாற்றி, அதற்கப்புறம் ஆண்டுப் பராமரிப்புத் தொகையைப் பேசுங்கள்.