குளிர்நீரில் பாஸ் மீன் பிடித்தல்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

நீரின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் பலர் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். பாஸ் மீன் அப்போதும் இரை தின்னும். துரத்திப் போய்த் தின்னாது, அவ்வளவுதான். சுற்றியுள்ள நீரோடு சேர்ந்து மீனின் உடல் வெப்பமும் இறங்குவதால் செரிமானம் மந்தமாகிறது. ஒருமுறை தின்ற இரை நெடுநேரம் தாங்குகிறது. கோடையில் லூரை (செயற்கை இரையை) வேகமாக இழுத்து மீனைச் சீண்டும் வித்தை ஆகையால் இங்கே எடுபடாது. லூரை மீனின் முகத்துக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தி, அங்கேயே வைத்திருக்கத் தெரிய வேண்டும். கீழே சொல்லப்படும் ராடு (தூண்டில் கோல்), நரம்பு (தூண்டில் இழை), லூர், இடம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு வேலைக்காகத் தேர்ந்தவை.

இந்த விளக்கம் வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் ஆகிய இரு நன்னீர் மீன்களைப் பற்றியது; மேற்பரப்பு உறையாத ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் கரையிலிருந்தோ படகிலிருந்தோ பிடிப்பதைப் பற்றியது. அமெரிக்க மாநிலங்களிலும் கனடிய மாகாணங்களிலும் மீன்பிடி உரிமமும் பருவ விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். சில பகுதிகளில் குளிர்காலத்தில் பாஸ் பிடிப்பதற்கே தடை உண்டு என்பதால், அந்தப் பகுதியின் நடப்பு விதிகளைப் படித்துவிட்டே புறப்பட வேண்டும்.

முதல் படி: உயிர்காப்பு

லூர் வாங்குவதற்கு முன்பே மிதவைச் சட்டை வாங்கிவிடுங்கள். குளிர்நீரில் விழுபவரின் நிலையைக் கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் '1-10-1' என்ற வாய்பாடாகச் சுருக்கியிருக்கிறார். திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்கும் காலம் ஏறக்குறைய 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவிழக்க ஏறக்குறைய 1 மணி நேரம். பிந்தைய இரண்டு கணக்குகளும் தலை நீருக்கு மேலே இருந்தால்தான் பொருந்தும். அதனால் படகில் ஏறும்போதே சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். இருக்கைக்கு அடியில் கிடக்கும் சட்டை யாருக்கும் உதவாது. பருத்தி உடை நனைந்தால் குளிரைக் கூட்டும் என்பதால் உடலை ஒட்டிக் கம்பளியோ செயற்கை இழையோ அணிந்து, மேலே காற்றும் நீரும் புகாத உறை ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். மாற்று உடை ஒரு செட்டை நீர் புகாத பையில் வைத்திருங்கள். தனியாகச் செல்வதைத் தவிருங்கள்.

இரண்டாம் படி: ராடு, ரீல், நரம்பு

தொடக்கத்தில் ஒரே ஒரு செட் போதும். ஏழடி நீளமுள்ள, மீடியம் வலுவும் விரைந்து வளையும் நுனியும் கொண்ட ஸ்பின்னிங் ராடு, நரம்பைச் சுற்றிவைக்கும் 2500 அளவு ரீல், 8 பவுண்டு இழுவிசை தாங்கும் ஃபுளூரோகார்பன் நரம்பு. ஃபுளூரோகார்பன் நீரில் மூழ்கும் இயல்புடையது. அதன் ஒளிவிலகல் எண் நீரின் எண்ணுக்கு அருகில் இருப்பதால் தெளிந்த குளிர்நீரில் எளிதில் புலப்படாது. பின்னல் நரம்பு கைக்கு மென்மையாக இருந்தாலும், நீரை ஏந்திக்கொண்டு வந்து ராடின் வளையங்களில் பனிக்கட்டியாகப் படியவிடும். காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருக்கும் நாட்களில் மட்டும் 10 பவுண்டு பின்னல் நரம்பின் முனையில் ஃபுளூரோகார்பன் முன்நரம்பைக் கட்டிப் பயன்படுத்தலாம்.

குளிரில் ஃபுளூரோகார்பன் விறைத்துச் சுருள் சுருளாக வெளிவரும். ரீலின் உருளையை விளிம்புவரை நிரப்பாமல் 3 மில்லிமீட்டர் அளவுக்கு இடம் விட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. ரீலுக்குள் இருக்கும் கெட்டியான கிரீஸும் குளிரில் இறுகும்; மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டிய டிராக் அப்போது திக்கித் திக்கி இயங்கி நரம்பை அறுத்துவிடலாம். ஆகவே அவ்வப்போது கையால் ஒரு முழ நரம்பை இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வளையங்களில் பனி கட்டினால் விரலால் தட்டி உடைக்காதீர்கள், உள்வளையம் விரிசல் விடும். ராடின் முனையை நீருக்குள் சிறிது நேரம் அமிழ்த்தினால் பனி தானே கரையும்.

கையுறைக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம் என்பது என் கருத்து. விலையுயர்ந்த ராடு இருந்தும் விரல் மரத்துப்போனவருக்கு மீன் கடித்தது தெரியாது. பெருவிரல், சுட்டுவிரல் நுனிகள் திறந்திருக்கும் கையுறை இந்த வேலைக்குப் பொருத்தமானது.

மூன்றாம் படி: இடம் தேர்தல்

ஒரு நீர்வெப்பமானி கட்டாயம் தேவை. 15 முதல் 10 டிகிரி வரை பாஸ் இன்னும் சுறுசுறுப்பாகவே இருக்கும். 10-க்குக் கீழே இழுக்கும் வேகத்தைக் குறைக்க வேண்டும், 5-ஐ நெருங்கும்போது ஏறக்குறைய நிறுத்தியே விட வேண்டும். நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். மேற்பரப்பு அதைவிடக் குளிர்ந்தால் அந்த நீர் மேலேயே மிதக்க, ஆழத்தில் 4 டிகிரியை ஒட்டிய நீர் தங்கிவிடும். கடுங்குளிரில் மீன்கள் ஆழத்தை நாடுவதற்கு இது ஒரு காரணம்.

அதற்காக ஏரியின் நடு ஆழத்தில் போய் நின்றால் பயனில்லை. ஆழமும் மேடும் அருகருகே இருக்கும் செங்குத்துச் சரிவுகளைத் தேடுங்கள். மிகக் குறைந்த தூரம் நகர்ந்தே மேலேயும் கீழேயும் போய்வர முடிவதால் மீன்கள் அங்கே கூடும். நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய ஆற்றுப்படுகை வளைந்து கரையை உரசும் இடம், பாறைச்சுவர் முடிந்து சரளைக்கல் தொடங்கும் இடம், அணைக்கரையில் அடுக்கிய கற்சரிவு ஆகியவை நல்ல தொடக்கம். பெருவாய் பாஸ் இருக்கும் ஏரியில் இன்னும் பசுமை மாறாத நீர்ச்செடிகளின் ஓரத்தையும் விட்டுவிட வேண்டாம். வாடி அழுகிய செடிகளுக்கிடையே நேரத்தைச் செலவிடுவது வீண்.

வடகோளத்தில் குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், நீர்நிலையின் வடக்குக் கரையில் வெயில் கூடுதலாக விழும். அங்கே பாறையும் இருந்தால் பிற்பகலில் நீர் ஓரிரு டிகிரி ஏறுவதுண்டு, அந்தச் சிறு மாற்றமே மீனைக் கிளப்பப் போதும். விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டிய அவசியம் இந்தப் பருவத்தில் இல்லை. நண்பகல் கழிந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் பொன்னான நேரம். இரண்டு மூன்று நாட்கள் மிதமாக நீடித்த வானிலையும், குளிர்முகம் (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) வருவதற்கு முன் மேகம் சூழ்ந்து காற்றடிக்கும் நேரமும் நல்லவை. குளிர்முகம் கடந்த மறுநாள் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், நமக்கும் கிளம்ப ஆசையாக இருக்கும், ஆனால் மீன் கடிப்பது அரிது.

நான்காம் படி: ஜெர்க்பெய்ட்டை நிறுத்தப் பழகுதல்

குளிர்காலத்துக்கு ஒரே ஒரு லூர்தான் எடுக்கலாம் என்றால் நான் எடுப்பது, நீரின் நடுவே அந்தரத்தில் நிற்கக்கூடிய ஜெர்க்பெய்ட். 10 அல்லது 11 சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒல்லியான சிறுமீன் வடிவம். அமெரிக்காவின் தெற்குப் பகுதி நீர்த்தேக்கங்களில் வாழும் த்ரெட்ஃபின் ஷாட் என்ற இரைமீன் குளிர் தாங்காதது. நீர் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தள்ளாடத் தொடங்கி, 5 டிகிரியை ஒட்டிக் கூட்டமாகச் செத்துப்போகும். அப்படித் துடித்து, நின்று, மறுபடி துடிக்கும் மீனைத்தான் இந்த லூர் நடிக்கிறது.

எறிவதற்கு முன் லூர் உண்மையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த நீர் சற்று அடர்த்தி கூடியது என்பதால், வெதுவெதுப்பான நீரில் அசையாமல் நின்ற லூர் இங்கே மெல்ல மேலே ஏறக்கூடும். கரையோரத் தெளிந்த நீரில் ஒரு முழ ஆழத்துக்கு லூரை இழுத்து நிறுத்திக் கவனியுங்கள். மேலே ஏறினால், மெல்லிய ஈயக்கம்பியை முன்பக்க மும்முள்ளின் (மூன்று கூர்களுள்ள தூண்டில் முள்ளின்) தண்டில் நான்கைந்து சுற்றுச் சுற்றி மறுபடி சோதியுங்கள். மூழ்கத் தொடங்கினால் கம்பியைத் துணுக்குத் துணுக்காக நறுக்கிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மூக்கு இலேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்து, இருந்த இடத்திலேயே நிற்கும்போது லூர் தயார்.

மீன் இருக்கும் என்று நினைக்கும் இடத்துக்குச் சில அடிகள் தாண்டி எறிந்து, ரீலை ஐந்தாறு சுற்று வேகமாகச் சுற்றி லூரை அதன் ஆழத்துக்கு இறக்குங்கள். ராடின் நுனியை நீர்ப்பரப்பை நோக்கித் தாழ்த்தி, நரம்பில் சிறிது தளர்வு இருக்கும்போதே மணிக்கட்டால் இரண்டு சுண்டு சுண்டிவிட்டு நிறுத்துங்கள். இனி எண்ண வேண்டியதுதான். நீர் 10 டிகிரி என்றால் ஐந்து வினாடி, 7 என்றால் பத்துப் பதினைந்து, 5 என்றால் இருபது முப்பது வினாடிகூடப் போகலாம். மனதுக்குள் எண்ணும்போது நாம் அவசரப்படுவோம், கடிகாரத்தை ஒருமுறை பார்த்து எண்ணினால் தெரியும்.

கடி பெரும்பாலும் இந்த நிறுத்தத்தில்தான் விழும். அதைக் கையால் உணர்வதைவிடக் கண்ணால் பிடிப்பதே உறுதி. நரம்பு நீருக்குள் நுழையும் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது துள்ளினாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ மீன் வாயில் வாங்கிவிட்டது. பல சமயம் அதுவும் தெரியாது, அடுத்த சுண்டலின்போது முனையில் ஈரத்துணி சிக்கியதுபோல ஒரு கனம் மட்டும் தெரியும். மும்முள் லூர் ஆகையால் வெட்டி இழுக்காமல், ராடைப் பக்கவாட்டில் சீராக வீசிச் சுற்றத் தொடங்கினாலே முள் ஏறிவிடும்.

ஐந்தாம் படி: அடித்தரையை ஒட்டிப் பிடித்தல்

ஜெர்க்பெய்ட் எட்டாத ஆழத்தில் மீன் இருந்தால், தலையில் ஈயம் வார்த்த முள்ளான ஜிக் உதவும். 10 முதல் 14 கிராம் எடையுள்ள ஜிக்கில், கால்கள் படபடக்காத சிறிய ரப்பர் நண்டு வால் ஒன்றைக் கோத்துக்கொள்ளுங்கள். தரையைத் தொட்டதும் ராடைப் பக்கவாட்டில் ஒரு சாண் நகர்த்தி நிறுத்தி, தளர்ந்த நரம்பை மட்டும் சுற்றிக்கொள்ளுங்கள். ஜிக் தரையை விட்டு எழவே கூடாது. இங்கே ஒற்றை முள் என்பதால் கடி தெரிந்தவுடன் வலுவாக வெட்டி இழுக்க வேண்டும்.

ஜிக்கையும் தொடாத மீனுக்கு டிராப் ஷாட். இதில் ஈயம் தரையில் கிடக்க, முள் அதற்கு மேலே 30 சென்டிமீட்டர் உயரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். முடிச்சு இப்படி: நரம்பின் வால்முனையை இரண்டு சாணுக்குக் குறையாமல் நீளமாக விட்டு, நரம்பை இரட்டையாக மடித்த மடிப்பை 1-ஆம் எண் முள்ளின் காதுக்குள் செலுத்துங்கள். இரட்டை நரம்பால் தளர்வான சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, எஞ்சிய மடிப்புக்குள் முள்ளை முழுதாக நுழைத்து எடுங்கள். எச்சிலால் நனைத்து மெல்ல இறுக்கியபின், நீளமான வாலை முள்ளின் கூர்முனை இருக்கும் பக்கத்திலிருந்து காதுக்குள் மறுபடி விட்டு இழுத்தால், முள் கூர் மேல்நோக்கிப் படுக்கையாக நிற்கும். வாலின் கடைசியில் 7 கிராம் ஈயம், முள்ளில் மூக்கு மட்டும் குத்திய 8 சென்டிமீட்டர் ரப்பர்ப் புழு. இறக்கிவிட்டு ராடை அசையாமல் பிடியுங்கள். ஆட்ட வேண்டுமென்று தோன்றும்; நடுங்கும் கையே போதுமான ஆட்டத்தைத் தந்துவிடும்.

பிளேடு பெய்ட் என்ற தட்டை உலோக லூரும் நல்லதுதான். அதிர்வு கையில் உணரும்வரை ஒரு சாண் தூக்கி, நரம்பை முற்றிலும் தளரவிடாமல் கூடவே இறக்குங்கள். தளர்த்திவிட்டால் முள் நரம்பில் சிக்கிக்கொள்ளும். கடி இறங்கும்போதுதான் விழும்.

டென்னசி, கென்டக்கி எல்லையில் உள்ள டேல் ஹாலோ போன்ற தெளிந்த ஆழ நீர்த்தேக்கங்களில் சிறுவாய் பாஸுக்கு வேறொரு முறை உண்டு. தக்கைக்குக் கீழே 3 மீட்டர் அளவில், 2 முதல் 3.5 கிராம் எடையுள்ள முடி கட்டிய சிறு ஜிக்கைத் தொங்கவிட்டு, சிற்றலை தக்கையை ஆட்ட விட்டுவிடுவார்கள். எட்டடிக்கு மேல் நீண்ட துவளும் ராடு தேவைப்படுவதால் இதை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: மீனைக் கையாளுதல்

ஒரு மீன் கடித்தால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். குளிர்காலத்தில் பாஸ் நெருங்கிக் கூடியிருக்கும். அதே கோணத்தில், அதே நிறுத்தத்தோடு இன்னும் பலமுறை எறிந்து பார்க்க வேண்டும்.

கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள். காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் ஈரமான கண்ணும் செவுளும் விரைவில் பனிபிடித்துச் சேதமடையும், ஆகவே முள்ளை நீருக்குள்ளேயே கழற்றிவிடுவது நல்லது. படம் எடுக்க விரும்பினால் கேமராவை முதலில் தயார் செய்துவிட்டு மீனைத் தூக்குங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றுக்கு அடியில் மற்றொரு கையைக் கொடுங்கள்.

ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து ஏறிவரும் பாஸுக்கு வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. அதன் நீந்துபைக்கும் தொண்டைக்கும் இணைப்பு இல்லாததால், அழுத்தம் குறையும்போது விரியும் வாயுவை அது உடனே வெளியேற்ற முடியாது; வயிறு உப்பி, திரும்ப ஆழத்துக்குப் போக முடியாமல் மேலேயே மல்லாந்து மிதக்கும். ஊசியால் வாயுவை வெளியேற்றும் முறை இருந்தாலும், பழகாத கை உள்ளுறுப்பைக் குத்திவிடும் என்பதால் புதியவர்கள் அதில் இறங்க வேண்டாம். விட்டுவிடும் எண்ணத்தோடு பிடிப்பவர்கள், முதல் மீன் வயிறு உப்பி வந்ததுமே அந்த ஆழத்தைக் கைவிட்டு, அதே சரிவில் 6 அல்லது 7 மீட்டர் ஆழத்தில் எறியத் தொடங்க வேண்டும்.