சிரிப்பையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்

குடியாத்தத்தில் ஒரு திருவிழா மேடையில் நகைச்சுவைப் பேச்சாளர் ஒருவர் பேசியபோது, நான் பார்த்துக்கொண்டிருந்த ஒலி மிக்சரை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவன் நான். அதே மனிதர் சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பேசியதை நான்தான் வீடியோ எடுத்துக் கொடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் "என்ன இப்படி இழுக்கிறார்" என்றார்கள். அன்று மண்டபத்தில் இருந்த என் அத்தை மட்டும் சரியாகக் கேட்டார்: "நாங்க அவ்ளோ சிரிச்சோமே, அந்தச் சத்தம் எங்கப்பா போச்சு?"

பேசுகிறவர் கையில் இருக்கும் மைக் வாயருகே வருவதைத்தான் எடுக்கும். அவர் ஒரு வரி சொல்லிவிட்டு நிற்கிறார். மண்டபத்தில் அந்த ஐந்து விநாடியும் ஒரே சிரிப்பு. வீடியோவில் அதே ஐந்து விநாடி, அடுத்த வரியை மறந்துவிட்டு முழிப்பவர் மாதிரி தெரிகிறது. நல்ல கலைஞர் ஒருவருக்கு இதனால் கெட்ட பெயர் வருவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே கூட்டத்துக்கென்றே இரண்டு கண்டன்சர் மைக் (மெல்லிய சத்தத்தையும் எடுக்கும் வகை) வையுங்கள். மேடையின் இரு ஓரத்திலும், ஸ்பீக்கர் பாக்ஸ்களுக்குப் பின்பக்கமாக, ஜனங்களைப் பார்த்தபடி, தலைக்கு மேல் உயரத்தில். மிக்சரில் மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பொத்தானைப் போட்டால்தான் இவை வேலை செய்யும். இந்தச் சத்தத்தைத் தனி டிராக்கில் பதிவு செய்யுங்கள். பாக்ஸுக்கு அனுப்பினால் கூவும். கூட்டத்துக்கு ஒரு மைக்தான் இருக்கிறது, அதையும் பின்னால்தான் வைக்க முடியும் என்றால், ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்பதை நினைவில் வையுங்கள். 17 மீட்டர் தள்ளி வைத்தால் விநாடியில் இருபதில் ஒரு பங்கு தாமதம், பேச்சு இரட்டையாகக் கேட்கும். தொடங்கும் முன் மேடையில் ஒரு கைத்தட்டு தட்டிவிட்டால், எடிட்டிங்கில் இரண்டு மைக்கின் பதிவையும் அதை வைத்து ஒட்டிவிடலாம்.

கூட்டத்து மைக்கின் ஒலி லெவலைப் பேச்சுக்கு வைக்காதீர்கள். நிகழ்ச்சிக்கு முன் ஜனங்களை ஒருமுறை ஓவென்று கத்தச் சொல்லி, அது மிக்சர் மீட்டரில் சிவப்பைத் தொடாதபடி வையுங்கள்.

அப்புறம் மண்டபம். வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாது, மைக்குக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் நிறுத்துங்கள். முன்வரிசை சோபாக்களைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். முக்கியஸ்தர்கள் வராமல் அவை காலியாகக் கிடக்கும். ஜனங்கள் பின்னால் சிதறி உட்காருவார்கள், ஒருவர் சிரிப்பு அடுத்தவரைத் தொற்றாது. இருநூறு பேர் வந்தால் இருநூறு நாற்காலி, நெருக்கமாக.

வெளிச்சம் இன்னும் முக்கியம். அன்று நான் வீடியோ லைட்டை முன்வரிசைப் பக்கம் திருப்பியதும், அதுவரை வாய்விட்டுச் சிரித்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு பாட்டி லைட்டை அணைக்கும் வரை முந்தானையை எடுக்கவே இல்லை. கூட்டத்தை இருட்டில் விடுங்கள்.

எடிட்டிங்கில் சிரிப்பைக் கத்தரித்து நேரத்தைக் குறைக்காதீர்கள். சிரிப்பு பாதிக்கு அடங்கும்போது அவரே அடுத்த வரியைத் தொடங்குவார், அந்தக் கணக்கு அவருடையது. வேறெங்கோ பதிவு செய்த சிரிப்பைக் கொண்டுவந்து ஒட்டுவதும் வேண்டாம், அன்று வந்திருந்தவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்து ஆற்காட்டில் அவருக்கு இரண்டு நாள் நிகழ்ச்சி. இரண்டு நாளும் பதிவு செய்து, எந்த நாளில் எந்தப் பகுதிக்குச் சிரிப்பு நன்றாக விழுந்ததோ அதை எடுத்துக்கொள்ளப் போகிறேன். அவரிடம் இரண்டு நாளும் ஒரே சட்டை போடச் சொல்லியிருக்கிறேன்.