கூட்டாளிகளோடு மலைநாட்டுக்கு: எந்த ஊரைப் பிடிப்பது? யாழ்ப்பாணத்தில் இருந்து முதல் தடவை ஒழுங்கு செய்பவருக்கு

மே மாதம் காண்டாவனம் தொடங்கினால் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "எங்கயாவது குளிரான இடத்துக்குப் போவமோ?" ஒருவர் நுவரெலியா என்பார், இன்னொருவர் எல்லயின் ஒன்பது வளைவுப் பாலத்துப் படத்தைப் போடுவார், மூன்றாமவர் "காசு எவ்வளவு வரும்?" என்று கேட்பார். அதோடு கதை நின்றுவிடும். இரண்டு கிழமை கழித்து அதே கேள்வி திரும்பவும் வரும்.

பிரச்சினை என்னவென்றால், எல்லோரும் ஊரில் இருந்து தொடங்குகிறார்கள். ஊரைக் கடைசியில் தெரிவு செய்யுங்கள். எந்த மாதம், மலையின் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், யார் யார் வருகிறார்கள் என்ற நாலும் தெளிவானால் மிஞ்சுவது ஒன்றிரண்டு ஊர்தான். கீரிமலையைத் தவிர வேறு மலை தெரியாதவரும் இந்த ஒழுங்கில் போனால் சரியாகப் பிடித்துவிடலாம்.

படி 1: மாதத்தை முடிவு செய்து, மலையின் பக்கத்தைப் பிடியுங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பயணம் நல்லதாக அமைவதும் அறைக்குள் கார்ட்ஸ் விளையாடி முடிவதும் இதில்தான் இருக்கிறது.

இலங்கையின் நடுமலை ஒரு மதில் போல நிற்கிறது. மே கடைசியில் இருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும். நம் ஊரில் சோழகம் என்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிற அதே காற்றுத்தான். அது கடலில் இருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலை எல்லாம் அந்த நேரம் நனைந்துகொண்டே இருக்கும். நுவரெலியாவுக்கும் நல்ல பங்கு கிடைக்கும். மழையை அங்கே இறக்கிவிட்டுக் கிழக்குச் சரிவுக்கு வரும்போது அதே காற்று காய்ந்துவிடும். அதனால்தான் ஜூலையில் ஹட்டனில் குடை இல்லாமல் வெளியே இறங்க முடியாத நாளில் பண்டாரவளையில் வெயில் அடிக்கும். இரண்டும் ஒரே ரயில் பாதையில் உள்ள ஊர்கள்.

டிசம்பரில் இருந்து பெப்ரவரி வரை இது தலைகீழ். வாடைக்காற்று ஊவாப் பக்கத்தை, அதாவது பதுளை, எல்ல, ஹப்புத்தளையை நனைக்கும்.

ஆகவே கோடைப் பயணத்துக்குக் கணக்கு இப்படி வரும். மார்ச், ஏப்ரலில் இரண்டு பக்கமும் போகலாம். காலையில் வானம் வெளித்திருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை வரலாம் என்பதால் பார்க்க வேண்டியதை முன்னேரத்திலேயே முடித்துவிட வேண்டும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கிழக்குப் பக்கத்துக்குப் போங்கள். மே இரண்டும் கெட்டான். முதல் பாதியில் எங்கும் போகலாம், பிற்பாதியில் கிழக்கே நல்லது.

ஜூலை, ஆகஸ்டில் கனடா, லண்டனில் இருந்து கூட்டாளிகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு நினைவில் இருப்பது நுவரெலியா மட்டுமே. அந்த நேரம் அங்கே போய் மூடுபனிக்குள்ளும் தூறலுக்குள்ளும் நிற்பதைவிட, பண்டாரவளைப் பக்கம் கூட்டிப் போனால் உங்களை வாழ்த்துவார்கள்.

படி 2: குளிரைக் கணக்குப் பண்ணுங்கள்

1000 மீற்றர் மேலே ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். யாழ்ப்பாணத்தில் மத்தியானம் 33 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, எனவே அங்கே 30. எல்ல 1041 மீற்றர், 26. ஹப்புத்தளை 1431 மீற்றர், 24. நுவரெலியா 1868 மீற்றர், 21. முகிலும் மழையும் இதைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும், ஆனால் திட்டம் போட இது போதும். இரவில் எல்லா இடத்திலும் இன்னும் இறங்கும்.

கண்டிக்குப் போய்விட்டு "குளிரவே இல்லையே மச்சான்" என்று குறைப்படுவதில் நியாயமில்லை. கண்டி பார்க்க வேண்டிய ஊர்தான், குளிருக்காகப் போகிற ஊர் அல்ல. போர்த்திக்கொண்டு படுக்கிற குளிர் வேண்டும் என்றால் நுவரெலியா. மின்விசிறி இல்லாமல் நிம்மதியாக நித்திரை கொண்டால் போதும் என்றால் எல்ல, பண்டாரவளை.

படி 3: ஆட்களிடம் மூன்றே கேள்வி

"எங்கே போவோம்?" என்று குழுவில் கேட்கவே கூடாது. கேட்க வேண்டியது இவை மட்டும்.

மேடு ஏறி இரண்டு மூன்று மணித்தியாலம் நடப்பீர்களா? வளைவுப் பாதையில் சத்தி வருமா? சாப்பாடு சைவமா, மச்சமா?

மூன்றாவது கேள்வி சின்னதாகத் தெரியும். நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் மச்சம் தொடாத வீடுகளில் இருந்து வருகிறவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் அப்போது விளங்கும். பண்டாரவளை, ஹப்புத்தளை, நுவரெலியாவில் தமிழர் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளில் தோசை, இடியப்பம் கிடைக்கும். எல்லயின் பிரதான தெரு வெள்ளைக்காரருக்காகவே வளர்ந்தது. பீட்சாவும் பாஸ்தாவும் தாராளம், மரக்கறிச் சாப்பாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் வருகிறார்களா என்பதையும் இப்போதே குறித்து வையுங்கள். ஹோர்ட்டன் சமவெளி, தாவரவியல் பூங்கா போன்ற இடங்களில் அவர்களுக்கு டிக்கெட் விலை வேறு, பல மடங்கு கூட. வாசலில் நின்று "நானும் இந்த ஊர்ப் பெடியன்தான்" என்று கதைத்துப் பயனில்லை. மற்றவர்கள் அடையாள அட்டையைக் கொண்டு போகட்டும்.

படி 4: இப்போது ஊர்களுக்கு வருவோம்

*நுவரெலியா.* ஏரி, பூங்கா, ஸ்ட்ரோபெரி, சீதாஎலிய அம்மன் கோயில், ஹக்கல பூங்கா என்று நடக்க முடியாதவருக்கும் நாள் போகும். பெரியவர்கள், குழந்தைகள் சேர்ந்து வருகிற கூட்டத்துக்கு இதை அடிக்க வேறு ஊர் இல்லை. ஆனால் ஏப்ரல் வசந்த காலக் கொண்டாட்டத்தில், குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது, ஊர் முழுக்க வாகனம். அறை வாடகையும் எகிறும். கூட்டமே கொண்டாட்டம் என்பவர்கள் அப்போது போகலாம். அமைதிக்குப் போகிறவர்கள் மார்ச்சில் போங்கள்.

*எல்ல.* இளம் பெடியள் கூட்டத்துக்கு ஏற்றது. 1921 இல் கட்டி முடிந்த ஒன்பது வளைவுப் பாலம், சின்ன சிவனொளிபாத மலை, எல்லப் பாறை எல்லாம் நடந்தே போகலாம். சின்ன சிவனொளிபாத மலை புதியவருக்கும் இலகு, எல்லப் பாறைக்கு மூச்சு வேண்டும். இரவில் பாட்டும் வெளிச்சமுமாக இருக்கும். எனக்கென்றால் ஓர் இரவுக்கு மேல் அந்தச் சத்தம் தாங்காது.

*பண்டாரவளை.* படம் பிடிக்க ஒன்றுமில்லை என்று எல்லோரும் தாண்டிப் போகிற ஊர். நான் முதலில் சொல்வது இதைத்தான். எல்லயும் ஹப்புத்தளையும் இரண்டு பக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, சந்தை, பாமசி, வங்கி, கடைகள் எல்லாம் உண்டு, அறைகள் எல்லயைவிடப் பொதுவாக மலிவு. இங்கே தங்கிக்கொண்டு ஒரு நாள் அந்தப் பக்கம், மறுநாள் இந்தப் பக்கம் போய் வரலாம்.

*ஹப்புத்தளை.* மலை முகட்டின் விளிம்பில் தொங்குகிற ஊர். தெற்கே பார்த்தால் தரை எங்கோ கீழே கிடக்கும். தம்பேதன்ன தேயிலைத் தோட்டத்துக்கு மேலே லிப்டன் இருக்கை என்ற காட்சி முனை இருக்கிறது. தொழிற்சாலையடியில் இருந்து ஏழு கிலோமீற்றர் அளவு மேட்டில் நடக்க வேண்டும், முடியாதவர்கள் ஓட்டோ பிடிக்கலாம். நடந்தாலும் ஓட்டோவில் போனாலும் விடியவே போங்கள். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் முகில் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்கும் இதே விதிதான். அங்கே ஹப்புத்தளையில் இருந்து ஒகிய வழியாகவும், நுவரெலியாவில் இருந்து பட்டிப்பொல வழியாகவும் போகலாம். வாசலில் பையைத் திறந்து பொலித்தீனைப் பார்ப்பார்கள், சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டு போங்கள்.

*ஹட்டன், மஸ்கெலியா.* சிவனொளிபாத மலைக்கு ஏறுகிற பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடிகிறது. அதற்குப் பிறகு மழைக்காலம். மழையும் நீர்வீழ்ச்சியும்தான் வேண்டும் என்பவருக்குச் சரி.

*றிவஸ்டன்.* ஒரே ஓர் இரவுதான் கையில் இருக்கிறதா? மாத்தளையில் இருந்து றத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைக்கு ஏறுங்கள். ஏ9 வீதியில் கண்டி வரைகூடப் போகத் தேவையில்லை. காற்று ஆளைத் தள்ளும். அட்டைக்குச் சவர்க்காரத்தையும் உப்பையும் மறக்க வேண்டாம்.

படி 5: தூரம், வாகனம், வெளிக்கிடும் நேரம்

யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டி 321 கிலோமீற்றர். அதற்கு மேல் நுவரெலியாவுக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் அளவு பிடிக்கும், எல்லவுக்கு அதையும் தாண்டிப் போக வேண்டும். எனவே நுவரெலியாவுக்குக் குறைந்தது இரண்டு இரவு, ஊவாப் பக்கத்துக்கு மூன்று இரவு வையுங்கள். இடையில் கண்டியில் ஓர் இரவு நின்றால் இடுப்புத் தப்பும்.

வான் பிடிப்பதென்றால், வானைப் பார்க்க முதல் டிரைவரைப் பாருங்கள். "மலைக்கு ஓடியிருக்கிறீங்களோ அண்ணை?" என்று நேரே கேளுங்கள். நம் பக்கம் மேடு பள்ளம் இல்லாத நேர் வீதி. கண்டி–நுவரெலியா வீதியில் றம்பொடையில் இறங்கும்போது முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், கொஞ்ச நேரத்தில் றப்பர் எரிகிற மாதிரி ஒரு மணம் ஜன்னலால் வரும். அது பிரேக் சூடேறுகிற மணம். அனுபவக்காரர் ஏறிய அதே சின்னக் கியரில் இறக்குவார், பிரேக்கை இடைக்கிடைதான் தொடுவார். மணம் வந்தால் கூச்சப்படாமல் நிறுத்தச் சொல்லி ஆறவிடுங்கள்.

மலைப் பகுதியைப் பகலில்தான் கடக்க வேண்டும். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் கவிழ்ந்து 20 க்கும் மேற்பட்டோர் இறந்தது விடியமுன். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்தது இரவில். விடியப்புறம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டு, முறிகண்டியில் தேங்காய் உடைத்து, தம்புள்ளையில் காலைச் சாப்பாட்டை முடித்தால், ஏற்றம் தொடங்கும்போது நல்ல வெளிச்சம் இருக்கும்.

ரயில் பிரியர்கள் பொல்காவலையில் மாறிப் பதுளைப் பாதையைப் பிடிக்கலாம். வானில் போகிறவர்களும் ஹப்புத்தளையில் ஏறி எல்லயில் இறங்குகிற சின்னத் துண்டை மட்டும் ரயிலில் போய், வானை அங்கே வரச் சொல்லலாம். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் இந்தப் பாதையைப் பல இடத்தில் பிய்த்துப் போட்டது. எந்தப் பகுதி ஓடுகிறது என்று ரயில் நிலையத்தில் கேட்டுவிட்டுத்தான் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

படி 6: அறைக்குப் பேசுவது

இணையத்தில் படம் பார்த்தாலும், பதிவு செய்ய முதல் ஒரு தடவை போன் எடுங்கள். பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும்:

"அண்ணை, சுடுதண்ணி எல்லா அறைக்கும் இருக்கோ?"

"இருக்குங்க தம்பி, சோலார்ல வருது."

"அப்ப மழை நாளில?"

இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். சோலார் மட்டும் என்றால் முகில் மூடிய நாளில் பச்சைத் தண்ணிதான். மின்சார ஹீட்டரும் உண்டா என்று கேளுங்கள். அப்புறம், வான் அறை வாசல் வரை வருமா, இல்லை படி இறங்க வேண்டுமா? டிரைவர் படுக்க இடம் உண்டா? விலை அறைக்கா, ஆளுக்கா, காலைச் சாப்பாடு சேர்த்தா? கம்பளி ஆளுக்கு ஒன்று தருவார்களா? பதிலை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். போய் இறங்கிய பிறகு "நான் அப்படிச் சொல்லேல்ல" என்ற கதை வராது.

படி 7: வெளிக்கிட முதல்

முதல் நாள் வானிலை அறிக்கையோடு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாக இருங்கள், சிவப்பு என்றால் அங்குள்ளவர்களையே வெளியேறச் சொல்கிறார்கள். போகிற பிரதேசத்துக்குச் செம்மஞ்சள் வந்தாலே நான் திகதியைத் தள்ளிவிடுவேன். இதற்காகத்தான் முற்பணம் குடுக்கும்போதே, திகதி மாற்ற விடுவார்களா என்று கேட்டு வைக்க வேண்டும்.

பையில் ஒரு நல்ல ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பிடிப்புள்ள சப்பாத்து, இரண்டு சோடி கூடுதல் காலுறை. மலையில் துவாய் காயாது, மெல்லியதாகக் கொண்டு போங்கள். சத்திக்காரருக்குப் பாமசியில் கேட்டு வாங்கிய குளிசையை மாத்தளை தாண்ட முதலே கொடுத்து, முன் சீற்றில் இருத்திவிடுங்கள். பொதுச் செலவுக்கு எல்லோரிடமும் ஒரே தொகையை முன்கூட்டியே வாங்கி ஒருவர் கையில் வையுங்கள். அந்த ஒருவர் நீங்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஏற்கெனவே போதுமான வேலை இருக்கிறது.