வீட்டில் எல்லோரும் ஒரே புத்தகம்: பழைய சிறுவர் நாவல்களைச் சேர்ந்து வாசிக்கும் முறை

குடும்ப வாசிப்பு மூன்றாம் நாளே படுத்துவிட்டால் பழி பிள்ளைகள் மேல்தான் விழும். பொறுமை இல்லை, போன் பழக்கம் என்போம். வாசிக்கிற பெரியவரும் அந்த அத்தியாயத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. நீண்ட வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்குகிறது. பேசுவது யார் என்பது வசனம் முடிந்த பிறகே தெரிகிறது. கேட்பவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள்?

அதனால் வாசிப்பவர் எப்போதும் ஓர் அத்தியாயம் முன்னால் இருக்க வேண்டும். கையில் பென்சிலோடு பத்து நிமிடம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் போதும். மூச்சு விட வேண்டிய இடத்தில் சாய்கோடு, விளக்க வேண்டிய சொல்லுக்கு அடியில் புள்ளி, அன்றைக்கு நிறுத்தப்போகும் இடத்தில் பெருக்கல் குறி.

புத்தகத்தைத் தேர்வு செய்யும்போது, பிள்ளை தானாகப் படிக்கக்கூடிய அளவைப் பார்க்காதீர்கள். காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் படிக்கும் திறனைவிடச் சில வருடங்கள் முன்னால் ஓடும். எட்டு வயதுப் பிள்ளை தானே படிக்கத் திணறும் நாவலை வாசிக்கக் கேட்டால் நன்றாகவே தொடரும். ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். இரண்டு மூன்று சொற்களுக்கு விளக்கம் தேவைப்பட்டால் சரி. ஐந்துக்கு மேல் போனால் அடுத்த வருடத்துக்கு எடுத்து வையுங்கள்.

பதிப்பையும் சோதியுங்கள். அட்டையில் 'சுருக்கம்', 'தழுவல்' என்று போடாமலே சுருக்கிய பதிப்புகள் நிறைய உண்டு. அத்தியாயங்களை எண்ணுவதே எளிய சோதனை. ஆலிஸின் அற்புத உலகப் பயணத்துக்கு 12, புதையல் தீவுக்கு 34, பினோக்கியோவுக்கு 36 அத்தியாயங்கள். எண்ணிக்கை குறைந்தால் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சுருக்கும்போது முதலில் போவது வேடிக்கைப் பேச்சும் வர்ணனையும்தான். மிஞ்சுவது சம்பவங்களின் பட்டியல். அதைச் சத்தமாக வாசித்தால் சப்பென்றிருக்கும்.

நேரத்தைக் கணக்குப் போட்டுவிடுங்கள். கடிகாரம் வைத்து மூன்று பக்கம் வாசியுங்கள். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆனால், இருபது நிமிடத்தில் பத்துப் பக்கம். இருநூறு பக்க நாவலுக்கு இருபது இரவுகள். வாரத்தில் நான்கு நாள் என்றால் ஐந்து வாரம். தினமும் என்று வைராக்கியம் எடுத்தால் இரண்டு நாள் தவறியதும் மொத்தமும் நின்றுவிடும். யாராவது வீட்டில் இல்லாத நாளில் கதையைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். அன்றைக்கு வேறொரு சிறுகதை எடுங்கள்.

வெளிச்சம் வாசிப்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும். வாசிப்பவர் படுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் தூங்குவது அவராகத்தான் இருக்கும். சிறுவர்கள் படம் வரையலாம், கட்டைகளை அடுக்கலாம். கை வேலையாக இருந்தால் காது திறந்தே இருக்கும். அசையாமல் உட்காரச் சொன்னால் உட்காருவதிலேயே கவனம் போய்விடும்.

வேகம்தான் பெரும்பாலானோர் சறுக்கும் இடம். உங்களுக்கே 'கொஞ்சம் மெதுவோ' என்று தோன்றும் வேகம்தான் கேட்பவருக்குச் சரியானது. குரல் மாற்றிப் பேச நடிப்புத் திறமை வேண்டாம். ஒருவருக்கு மெதுவாக, ஒருவருக்குப் படபடவென்று, ஒருவருக்குத் தாழ்ந்த குரலில். இந்த மூன்று போதும். யாருக்கு எது என்று முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள், நான்காம் நாள் மறந்துவிடும். கதாநாயகனுக்குக் கீச்சுக்குரல் மட்டும் வேண்டாம். இருபது இரவு தொண்டை தாங்காது. பெரிய பிள்ளைக்கு ஒரு பாத்திரத்தின் வசனங்களைக் கொடுத்துவிடலாம்.

தொடங்கும்போது 'நேத்து எங்கே விட்டோம்?' என்று கடைக்குட்டியிடம் முதலில் கேளுங்கள். மூத்தது வாய் திறந்துவிட்டால் மற்றவர்களுக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது. அதோடு கேள்வி முடிந்தது. அத்தியாயம் முடிந்ததும் 'இதிலிருந்து என்ன தெரிஞ்சுது?' என்று ஆரம்பித்தால் அது பரீட்சை.

பழைய புத்தகங்களில் சங்கடமான இடங்கள் வரும். 1911-இல் வெளிவந்த ரகசியத் தோட்டத்தின் நான்காம் அத்தியாயத்தில், இந்தியாவில் வளர்ந்த ஆங்கிலேயச் சிறுமி அங்குள்ளவர்களை மனிதர்களே இல்லை, வேலைக்காரர்கள் என்கிறாள். இதைத் தாண்டிப் போனால், பிறகு பிள்ளை தானே படிக்கும்போது பிடிபடுவீர்கள். வாசியுங்கள், நிறுத்துங்கள், 'இவ ஏன் இப்படிப் பேசுறா?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், தொடருங்கள். பிரசங்கம் வேண்டாம். திரைப்படம் பார்த்த நினைவில் பினோக்கியோவை எடுப்பவர்கள் நான்காம் அத்தியாயத்தில் திடுக்கிடுவார்கள்: புத்திமதி சொல்லும் பேசும் பூச்சியை அவன் சுத்தியலை வீசியடித்துக் கொல்கிறான். முன்கூட்டியே படிப்பது இதற்கும்தான்.

எங்கே நிறுத்துவது என்பதில் அத்தியாய முடிவை மட்டும் நம்பாதீர்கள். சில நாவல்கள் உதவும். புதையல் தீவின் பத்தாம் அத்தியாயம், ஆப்பிள் பீப்பாய்க்குள் பதுங்கிய பையன் கடற்கொள்ளையரின் பேச்சைக் கேட்கத் தொடங்கும் இடத்தில் முடிகிறது. இன்னும் ஒரு பக்கம் என்று கெஞ்சுவார்கள், புத்தகத்தை மூடிவிடுங்கள். சாவு வரும் இடத்தில் இதற்கு நேர்மாறு. 'சார்லட்டின் வலை' நாவலில் சிலந்தி இறப்பது 21-ஆம் அத்தியாயத்தின் கடைசியில். 22-தான் கடைசி அத்தியாயம், அதில்தான் ஆறுதல் இருக்கிறது. இரண்டையும் ஒரே இரவில் வாசித்து முடிக்க வேண்டும், நாற்பது நிமிடம் ஆனாலும் பரவாயில்லை.

பிடிக்காத புத்தகத்தை விடுவதற்கு வீட்டில் ஓர் ஒப்பந்தம் இருக்கட்டும். முதல் இருபது பக்கம் மெதுவாக நகர்வது பழைய நாவல்களின் வழக்கம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐம்பது பக்கம் அல்லது நான்கு அத்தியாயம் தாண்டியும் 'நேத்து எங்கே விட்டோம்?' என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றால் அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, அடுத்த நாளே இன்னொன்றை எடுங்கள்.