கொழும்பில் சட்டத்தரணி தேடும்போது

கொழும்புக்கு வந்து வீடு பார்க்கத் தொடங்கியதுமே ஒரு சட்டத்தரணி தேவைப்படுவார். வீட்டுக் குத்தகை ஒரு மாதத்தைத் தாண்டினால், ஒப்பந்தத்தை நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டம் அது, இன்றும் செல்லும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தரகர் நீட்டும் பேப்பரில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். சென்னையில் இருக்கும் வக்கீல் நண்பரிடம் கேட்டும் பயனில்லை. இங்கே காணிச் சட்டத்தின் அடித்தளம் ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த ரோமன் டச்சுச் சட்டம்.

சரி, யாரிடம் போவது? பலர் பெரிய பெயரைத் தேடுகிறார்கள். நான் முதலில் மொழியைத்தான் பார்க்கச் சொல்வேன். விஷயம் வழக்காகிவிட்டால், கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் மாவட்ட நீதிமன்றத்திலும் நீதவான் நீதிமன்றத்திலும் வழக்கு சிங்களத்தில்தான் நடக்கும். உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள், எழுந்து நிற்பீர்கள். இரண்டு வசனம் பேசுவார்கள், அடுத்த தவணை, அதாவது வழக்கு மறுபடி கூப்பிடப்படும் நாள், போட்டுவிடுவார்கள். என்ன நடந்தது என்று புரிவதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டிருப்பார்கள். மொழிபெயர்ப்புக் கேட்க அரசியலமைப்பு உரிமை தருகிறது, தேவைப்பட்டால் கேளுங்கள். ஆனாலும் உள்ளே சிங்களத்தில் பேசிவிட்டு வெளியே வந்து, "இன்றைக்கு இதுதான் நடந்தது, இதனால் தள்ளிப் போட்டார்கள், அடுத்த தவணைக்கு இந்த ஆவணத்தைக் கொண்டு வாருங்கள்" என்று தமிழில் நின்று சொல்லும் ஆள்தான் உங்களுக்கு வேண்டும். அப்படி ஒருவர் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

அப்புறம், தவணைக்கு யார் வருவார் என்று கேளுங்கள். பழைய ஆட்கள் இன்னும் வாதாடுபவரை அப்புக்காத்து என்றும், கோப்பைத் தயாரிப்பவரைப் பிறக்கிராசி என்றும் சொல்வார்கள். 1974 முதல் எல்லோரும் சட்டத்தரணிதான், ஆனால் வேலைப் பிரிவினை போகவில்லை. கோப்பைத் தயாரிப்பவர் ஒருவர், எழுந்து வாதாடுபவர் இன்னொருவர் என்றே பல வழக்குகள் நடக்கின்றன. இருவருக்கும் தனித்தனிக் கட்டணமா, தவணைக்குத் தவணை கொடுக்க வேண்டுமா, வழக்கு எடுக்கப்படாத நாளுக்கும் காசு உண்டா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். கொடுக்கும் பணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

சிவில் வழக்கென்றால் புறொக்சியில், அதாவது உங்களுக்காக வழக்கை நடத்த அவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்து வாங்குவார்கள். அதை யோசித்துப் போடுங்கள். பிறகு வேறு சட்டத்தரணிக்கு மாற வேண்டுமென்றால், நீதிமன்ற அனுமதியோடு முதல் புறொக்சியை ரத்துச் செய்த பிறகே முடியும்.

நீதிமன்ற வாசலில் "சேர், லோயர் வேணுமா?" என்று வருபவர்களோடு போகாதீர்கள். வழக்கு முடித்து வந்த அயலவரைக் கேளுங்கள்: தொலைபேசியை எடுப்பாரா, கேட்டதற்குப் பதில் சொல்வாரா, தவணையைத் தவறவிட்டாரா? பண வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரிக்கலாம்.

முதல் சந்திப்பிலேயே "கட்டாயம் வெல்லலாம்" என்பவரை விட, உங்கள் பேப்பர்களை முழுதாக வாசித்துவிட்டு எது பலவீனம் என்று சொல்பவரை நான் நம்புவேன். அவரிடமும் பிரதிகளையே கொடுங்கள். காணி உறுதியின் மூலப் பத்திரமோ கடவுச்சீட்டோ கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பெற்றுக்கொண்டதாகத் திகதியோடு எழுதி வாங்குங்கள்.