ஆட்டோகேடில் அளவுகள் தானாக மாற வேண்டுமா? இவற்றைச் செய்யாதீர்கள்

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் போட்ட வீட்டு பிளானில் ஒரு சுவரை ஆறு அங்குலம் தள்ளினால், பக்கத்து டைமன்ஷன் (நீளத்தைக் காட்டும் அளவுக்கோடும் எண்ணும்), இரண்டு அறைகளின் சதுர அடி, அட்டவணையில் உள்ள மொத்தம் என்று பல இடங்களில் எண் மாற வேண்டும். கோட்டோடு ஒட்டி நகரும் டைமன்ஷனை ஆட்டோகேட் 2002 பதிப்பிலேயே கொடுத்துவிட்டது. எழுத்துக்குள் பரப்பளவை உட்காரவைக்கும் ஃபீல்டு 2005 பதிப்பில் வந்தது. ஆனாலும் திருத்தத்துக்காக என்னிடம் வரும் டிராயிங்குகள் பலவற்றில் எண்கள் உயிரற்றுக் கிடக்கின்றன. காரணம் பெரும்பாலும் வரைந்தவரின் கைதான்.

முதல் தவறு, டைமன்ஷன் எண்ணின் மேல் டபுள் கிளிக் செய்து வேறு எண்ணை அடிப்பது. நானும் செய்திருக்கிறேன். சமையலறை அகலம் பத்தடி நாலங்குலமாக வரைந்திருந்தது. வீட்டுக்காரர் பத்தரை அடி கேட்டார். மாலைக்குள் பிரிண்ட் போக வேண்டும் என்ற அவசரத்தில், சுவரைத் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றிவிட்டேன். தளத்தில் மேஸ்திரி அறை அளவுகளைக் கூட்டிப் பார்த்தார். மொத்த நீளத்தோடு இரண்டு அங்குலம் இடித்தது. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே அவர் கேட்டதால் தப்பித்தோம்.

இதில் ஆபத்து என்னவென்றால், எண்ணை அடித்த பிறகும் டைமன்ஷனின் கோடும் அம்பும் சுவரோடு ஒழுங்காக நகரும். பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். எண் மட்டும் பழையதாக நிற்கும். சரிசெய்வது எளிது. அடித்த எண்ணை அழித்துவிட்டு <> என்ற குறியைப் போடுங்கள், உண்மையான அளவு திரும்பிவிடும். கூடவே சொல் வேண்டுமென்றால் "<> உள் அளவு" என்று எழுதலாம், எண் உயிரோடு இருக்கும். வேறொருவர் வரைந்த ஃபைல் கைக்கு வந்தால், எல்லா டைமன்ஷனையும் தேர்ந்தெடுத்து பிராப்பர்டீஸ் பலகையில் 'டெக்ஸ்ட் ஓவர்ரைடு' வரியைப் பாருங்கள். அது காலியாக இல்லாவிட்டால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

டைமன்ஷனை எக்ஸ்புளோடு செய்வது, அதாவது துண்டு துண்டாக உடைப்பது, இதைவிட மோசம். அதன் பிறகு அது வெறும் கோடும் எழுத்தும்தான். டிம்அசோக் என்ற அமைப்பின் மதிப்பையும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். 2 இருந்தால் டைமன்ஷன் பொருளோடு இணைந்திருக்கும். 1 என்றால் இணைப்பு இல்லை. 0 என்றால் போடும்போதே உடைந்த நிலையில்தான் விழும். இந்த மதிப்பு அந்தந்த டிராயிங்கிலேயே சேமிக்கப்படுவதால், பழைய ஃபைலைத் திறந்து தொடரும்போது அதன் பழைய மதிப்பும் கூடவே வரும். இணைப்பு விட்டுப்போனவற்றை டிம்ரீஅசோசியேட் கட்டளையால் மறுபடி ஒட்டலாம்.

அடுத்தது ஃபீல்டு. சுவரைத் தள்ளியதும் சதுர அடி மாறவில்லையே என்று பதறி, அந்த இடத்தில் எண்ணைக் கையால் அடித்துவிடுபவர்கள் உண்டு. ஃபீல்டு அந்தக் கணமே மாறாது. ஃபைலைத் திறக்கும்போதும், சேமிக்கும்போதும், பிளாட் (பிரிண்ட்) எடுக்கும்போதும், ரீஜென் (திரையை மறுபடி உருவாக்கும் கட்டளை) கொடுக்கும்போதும்தான் புதுப்பித்துக்கொள்ளும். ரீஜென் கொடுத்துவிட்டுப் பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் சாம்பல் நிறம் தெரிந்தால் அது ஃபீல்டு. அந்த நிறம் பிரிண்டில் வராது. அது தொல்லையாக இருக்கிறதென்று அணைத்துவிட்டால், எது உயிருள்ள எண், எது கையால் அடித்தது என்று பார்த்தவுடன் பிரித்துச் சொல்ல முடியாது. தயவுசெய்து அணைக்காதீர்கள்.

எண்ணுக்குப் பதில் #### வந்தால், ஃபீல்டு கட்டியிருந்த பாலிலைனை (அறையைச் சுற்றி ஒரே பொருளாக வரைந்த தொடர்கோட்டை) யாரோ அழித்திருப்பார்கள், அல்லது எக்ஸ்புளோடு செய்திருப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை, கண்ணில் படுகிறது. கண்ணில் படாத தவறு ஒன்று உண்டு: ஒரு அறையின் பெயர்ப்பலகை எழுத்தை மட்டும் காப்பி செய்து பக்கத்து அறையில் வைப்பது. பெயரை 'படுக்கையறை 2' என்று மாற்றிவிடுவீர்கள். ஃபீல்டு மட்டும் இன்னும் முதல் அறையைத்தான் அளந்துகொண்டிருக்கும். முதல் அறை பெரிதானால் இரண்டாவது அறையின் எண்ணும் பெரிதாகும்! காப்பி செய்தால், ஃபீல்டைத் திறந்து சரியான பாலிலைனைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். அந்தப் பாலிலைன் மூடியதா என்றும் பாருங்கள். திறந்திருந்தாலும் ஆட்டோகேட் தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் நேர்கோட்டால் சேர்த்ததாகக் கொண்டு ஒரு பரப்பைச் சொல்லிவிடும்.

அலகு மாற்றத்திலும் கவனம் வேண்டும். மில்லிமீட்டரில் வரைந்த 3000க்கு 3600 அறையின் பரப்பு 1,08,00,000 சதுர மில்லிமீட்டர். சதுர மீட்டராக்க, ஃபீல்டின் கூடுதல் ஃபார்மட் பெட்டியில் பெருக்கும் எண்ணாக 0.000001 கொடுத்தால் 10.8 வரும். நீளத்துக்கு 0.001 தானே என்று அதையே போட்டால் 10,800 வரும். இது அபத்தமாகத் தெரிவதால் பிடிபட்டுவிடும். சதுர அடி வேண்டுமென்றால் 0.0000107639, விடை ஏறத்தாழ 116.25. அங்குலத்தில் வரைந்து தசமத்தில் காட்டுபவர்கள் 144ஆல் வகுக்க வேண்டும்.

கடைசியாக, எல்லா ஃபீல்டும் சரியாக இருந்தும் மொத்தம் தவறாகும் இடம். அறை ஃபீல்டுகளைக் கூட்டி 'கார்ப்பெட் ஏரியா' (வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய பரப்பு) என்று அட்டவணையில் போடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெளிச்சுவர், சர்வீஸ் ஷாஃப்ட் (குழாய்கள் செல்லும் செங்குத்துப் பாதை), அந்த வீட்டுக்கே உரிய பால்கனி, திறந்த மாடி ஆகியவை அதில் சேராது. ஆனால் உள் தடுப்புச் சுவர்கள் நிற்கும் இடம் சேரும். அறைகளை மட்டும் கூட்டினால் அந்தச் சுவர்களின் பரப்பு விட்டுப்போகும். பாலிலைன் எங்கே ஓடுகிறதோ அதைத்தான் ஃபீல்டு அளக்கும், சட்டம் அதற்குத் தெரியாது. எனவே வெளிச்சுவரின் உள்முகத்தை ஒட்டித் தனியாக ஒரு பாலிலைன் வரையுங்கள். பிளாட் ஆகாத லேயரில் (அடுக்கில்) அதை வைத்து, மொத்தத்துக்கான ஃபீல்டை அதோடு கட்டுங்கள். ஷாஃப்ட் இருந்தால் அதற்கும் ஒரு பாலிலைன் போட்டு, அதன் பரப்பை அட்டவணைச் சூத்திரத்தில் கழித்துவிடுங்கள்.