பனிக்காலத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளை: உடை, விளையாட்டு, உடம்பு

பனி கொட்டும் ஊரில் பிள்ளையைத் தொடக்கப் பள்ளியில் சேர்த்திருக்கிறீர்கள் என்றால் முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: குளிர் அடிக்கிறது என்பதற்காக இடைவேளை விளையாட்டை யாரும் நிறுத்தப் போவதில்லை. குளிர் ஆபத்தான அளவுக்குப் போனால்தான் உள்ளே வைத்திருப்பார்கள், மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் வெளியேதான். அது நல்லதும்கூட. நாள் முழுக்க மூடிய அறையில் ஒருவர் இருமலை இன்னொருவர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, கொஞ்ச நேரம் பனியில் ஓடியாடிவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

ஆனால் அந்த இடைவேளைக்கு முந்தைய பத்து நிமிடத்தை யோசித்துப் பாருங்கள். வகுப்பில் இருபதுக்கு மேல் பிள்ளைகள், ஆசிரியர் ஒருவர். எல்லோருக்கும் ஜிப் ஏற்றி, பூட்ஸ் மாட்டி, கையுறை போட்டுவிட அவருக்கு இரண்டு கைதான். அதனால் எவ்வளவு கதகதப்பான கோட்டு என்பதைவிட, பிள்ளை அதைத் தானாகப் போட்டுக்கொள்ளுமா என்பதுதான் பெரிய கேள்வி. பனிக்காலம் தொடங்கும் முன்பே வீட்டில் இதைப் பழக்குங்கள், அதுவும் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அல்ல, விடுமுறை நாளில் சாவகாசமாக.

போடும் வரிசை முக்கியம். முதலில் ஸ்னோ பேன்ட், அப்புறம் பூட்ஸ், அப்புறம் கோட்டு, அதன்பின் தொப்பியும் கழுத்து உறையும், கடைசியில்தான் கையுறை. கையுறையை முதலில் மாட்டிக்கொண்ட பிள்ளையால் எந்த ஜிப்பையும் பிடிக்க முடியாது. கோட்டை முதலில் போட்டுவிட்டால் குனிந்து பூட்ஸ் மாட்டுவது பெரும்பாடு. சின்னப் பிள்ளைகளுக்குக் கோட்டு போட ஒரு சுலபமான வழி இருக்கிறது. கோட்டை உள்பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரித்து, அதன் கழுத்துப் பகுதி பிள்ளையின் கால் விரல்களைத் தொடுகிற மாதிரி வையுங்கள். பிள்ளை குனிந்து இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டால் கோட்டு முதுகில் சரியாக வந்து விழும். நாலு தடவை செய்தால் பிடிபட்டுவிடும், அப்புறம் வேண்டாம் என்றாலும் விடாமல் செய்து காட்டும். ஜிப்பின் நுனியில் ஒரு சின்ன வளையமோ கயிற்றுத் துண்டோ கோத்துவிடுங்கள், குளிரில் விறைத்த விரலுக்கும் அது சிக்கும்.

உடை என்று வரும்போது ஒரே தடிமனான துணியைவிட மூன்று அடுக்கு நல்லது. உடம்பை ஒட்டி இருப்பது கம்பளியோ செயற்கை இழையோ ஆக இருக்கட்டும். பருத்தி வேண்டாம், அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும், ஓடி விளையாடி நின்ற பிறகு அந்த ஈரம்தான் பிள்ளையை நடுங்க வைக்கும். நடுவில் ஃபிளீஸ் என்கிற புசுபுசுப்பான செயற்கைத் துணி மாதிரி ஏதாவது, வெளியே நீரும் காற்றும் புகாத கோட்டு. கைக்கு, ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் மிட்டன்தான் சூடு. பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் எத்தனை சாக்ஸ் போட்டாலும் கால் சில்லிட்டுப் போகும். சூட்டைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் காற்றுதான், அதற்கு இடமே இல்லையென்றால் சாக்ஸ் என்ன செய்யும்? தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து, விரல்களை ஆட்ட முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பையில் ஒரு ஜோடி சாக்ஸும் இன்னொரு ஜோடி மிட்டனும் எப்போதும் இருக்கட்டும், காலையில் நனைந்தது மதிய இடைவேளைக்குள் காயாது. பெயர் எழுதும்போது இரண்டு மிட்டனிலும் எழுதுங்கள், தொலைவது எப்போதும் பெயர் எழுதாத அந்த ஒன்றுதான். நனைந்த பூட்ஸுக்குள் இரவு செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் காலையில் ஓரளவு காய்ந்திருக்கும். ஹீட்டர் மேலேயே துணியைப் போட்டுக் காய வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

நீளமான ஸ்கார்ஃப் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. பார்க்க அழகுதான், ஆனால் சறுக்கு மரத்திலோ ஏணியிலோ மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். தலை வழியாக மாட்டும் கழுத்து உறை அதைவிட நல்லது. கோட்டின் தொப்பியில் தொங்கும் நாடாவையும் உருவி எறிந்துவிடுங்கள்.

காரில் அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, பலருக்கும் இது தெரிவதில்லை. பஞ்சு அடைத்த தடித்த கோட்டோடு பிள்ளையைக் கார் சீட்டில் உட்கார வைத்து வாரைப் பூட்டினால் இறுக்கமாக இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் மோதலில் அந்தப் பஞ்சு அப்படியே நசுங்கிப் போகும், வார் தளர்ந்துவிடும், பிள்ளை வாரிலிருந்து நழுவிவிடவும் கூடும். கோட்டைக் கழற்றி, வாரை உடம்போடு ஒட்டி இறுக்கி, தோள்பக்க வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ளிப் பிடிக்க முடிந்தால் இன்னும் இறுக்க வேண்டும். அதன் பிறகு கோட்டை முன்பக்கமாகத் திருப்பி வாருக்கு மேலே போர்த்துங்கள். பனியில் நின்றிருந்த காரை ஸ்டார்ட் செய்யும் முன் புகைக்குழாயைச் சுற்றிக் குவிந்த பனியைத் தள்ளிவிட வேண்டும், அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். பிள்ளையை உள்ளே உட்கார வைத்து எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு பனி தள்ளுவதும் கூடாது.

நடந்து போகிற பிள்ளைகளுக்கு: கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு நடக்கக் கூடாது, வழுக்கினால் ஊன்றக் கை வேண்டும். பாதத்தை முழுதாகப் பதித்து, சின்னச் சின்ன அடியாக, பென்குயின் மாதிரி நடந்து காட்டினால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளும். குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடுவதால் கோட்டிலும் பையிலும் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை ஒட்டுங்கள். சாலையைக் கடக்கும் முன் தலையில் இருக்கும் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள், அது மறைத்திருந்தால் பக்கவாட்டில் வரும் வண்டி தெரியவே தெரியாது.

சரி, எவ்வளவு குளிரில் வெளியே விடலாம்? வெறும் வெப்பநிலையைப் பார்த்தால் போதாது, காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிரைப் பாருங்கள், வானிலைச் செயலிகளில் 'உணரப்படும் வெப்பநிலை' என்று இருக்கும். அது மைனஸ் 28 டிகிரி செல்சியஸை நெருங்கினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். முதலில் அடிபடுவது விரல் நுனி, காது, மூக்கு, கன்னம். தோல் வெளுத்து மெழுகு போல ஆகிவிடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். நம்முடைய மாநிறத் தோலில் அந்த வெளுப்பு சரியாகத் தெரியாமல் சாம்பல் பூத்தது போலத்தான் தெரியலாம். அதனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். தொட்டுப் பாருங்கள், "நான் தொடுவது தெரிகிறதா?" என்று கேளுங்கள். மரத்துப்போயிருந்தால் உள்ளே அழைத்துவந்து, உடம்புச் சூட்டைவிடச் சற்றே கூடுதலான வெதுவெதுப்பான நீரில் அந்த இடத்தை வையுங்கள். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். ஹீட்டர் பக்கத்தில் நீட்டவும் கூடாது, உணர்ச்சி இல்லாத தோல் சுடுவது பிள்ளைக்கே தெரியாது. சூடேறிய பிறகும் உணர்ச்சி திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சுக் குழறி, தடுமாறி, தூங்கி வழிந்தால் அது உடம்பின் உள்சூடே இறங்கிவிட்டதன் அறிகுறி. ஈர உடையைக் கழற்றிப் போர்த்திவிட்டு உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் இரும்புக் கம்பியில் நாக்கை வைக்கும் பிள்ளை. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பிள்ளையாவது செய்துவிடும். இழுத்தால் தோல் பிய்ந்து வந்துவிடும், வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றினால் தானாக விட்டுவிடும். இதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லி வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, சொன்னதாலேயே முயற்சி செய்யும் ரகமும் உண்டு.

பனியில் சறுக்கி விளையாடுவது என்றால், இடத்தைப் பெரியவர்கள்தான் பார்க்க வேண்டும். சரிவின் கீழே சாலையோ மரமோ வேலியோ குளமோ இருக்கக் கூடாது. உட்கார்ந்து, கால் முன்னால் இருக்கும்படி சறுக்கட்டும். தலை முன்னால் இருக்கக் குப்புறப் படுத்துச் சறுக்கினால் மோதுவது தலைதான். ஹெல்மெட் கட்டாயம், பனிக்கட்டியில் ஸ்கேட்டிங் செய்யும்போதும் அப்படித்தான். சாலையோரம் குவித்த பனியில் ஏறி விளையாடுவதும் அதற்குள் குகை தோண்டுவதும் பிள்ளைகளுக்கு ஆசைதான், ஆனால் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவருக்கு உள்ளே இருக்கும் பிள்ளை தெரியாது, குகை சரிந்தாலும் மூச்சுமுட்டிவிடும். உறைந்த குளம், ஏரி விஷயத்தில் பேச்சே இல்லை. பொறுப்பானவர்கள் சோதித்து அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் கால் வைக்கக் கூடாது. இன்னொன்று, வெயில் அடிக்கும் நாளில் முகத்துக்குச் சன்ஸ்கிரீன் தடவுங்கள், புதுப்பனி புறஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும்.

வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. கறுப்புத் தாள் ஒன்றை வெளியே வைத்து நன்றாகக் குளிர விட்டு, விழும் பனித்துகளை அதில் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு கைகள் தெரியும். வில்சன் பென்ட்லி என்ற அமெரிக்க விவசாயி 1885-ல் முதன்முதலாகப் பனிப் படிகத்தைப் படம்பிடித்து, வாழ்நாளில் 5000-க்கும் மேல் எடுத்தார் என்று சொன்னால் பிள்ளைக்கு ஆர்வம் இன்னும் கூடும். ஒரு டம்ளர் நிறையப் பனியை உள்ளே வைத்து, உருகினால் எவ்வளவு உயரம் தண்ணீர் இருக்கும் என்று முன்கூட்டியே கோடு போடச் சொல்லுங்கள். அனேகமாக எல்லாப் பிள்ளைகளும் மிக மேலே போடுவார்கள், புதுப்பனியில் பெரும்பகுதி வெறும் காற்று.

இனி உடம்பு. குளிர்காற்று மட்டும் சளியைக் கொண்டுவராது, வைரஸ் வேண்டும். எல்லோரும் மூடிய அறைக்குள் நெருங்கி இருப்பதால் அது வேகமாகப் பரவுகிறது. ஃப்ளூ வந்த பிள்ளை அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்கிவிடும், அதனால்தான் தடுப்பூசி. போட்ட பிறகு பாதுகாப்பு உருவாக இரண்டு வாரமாவது ஆகும் என்பதால் குளிர்காலம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் முறை போடுகிற சின்னப் பிள்ளைகளுக்கு நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ் தேவைப்படலாம், மருத்துவரைக் கேளுங்கள். கை கழுவுவது 20 விநாடி, சோப்புப் போட்டு. வாந்தி, பேதியைக் கிளப்பும் நோரோ வைரஸிடம் சானிட்டைசர் அவ்வளவாக எடுபடாது.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பள்ளியில் ஒன்று இருக்கட்டும், காலாவதித் தேதியைப் பாருங்கள். வெளியே போகும்போது கழுத்து உறையை வாய் மூக்கு வரை ஏற்றி மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள், சில்லென்ற வறண்ட காற்று நேராகப் போனால்தான் மூச்சுக்குழல் இறுகும். இரவு முழுக்கக் காரில் கிடந்து சில்லிட்ட இன்ஹேலர் சரியாகப் பீய்ச்சாது. மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள். முன்னால் குனிந்து மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வைட்டமின் டி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். கறுத்த தோலுக்கு அதைத் தயாரிக்கக் கூடுதல் வெயில் வேண்டும், வடக்கே உள்ள நாடுகளில் குளிர்காலத்தில் அந்த வெயிலே கிடைப்பதில்லை.

எப்போது வீட்டில் வைத்துக்கொள்வது? 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தால் அனுப்பக் கூடாது. பாராசிட்டமால் கொடுத்துச் சூட்டை இறக்கி அனுப்பினால் மதியத்துக்குள் பள்ளியிலிருந்து போன் வரும், அதற்குள் நாலு பிள்ளைகளுக்குக் கொடுத்தும் இருக்கும். மருந்து இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருந்தால் அனுப்பலாம். வாந்தி பேதி என்றால் கடைசியாக நின்றதிலிருந்து 48 மணி நேரம் வைத்திருப்பது பாதுகாப்பு, உங்கள் பள்ளியின் விதி என்ன என்றும் பாருங்கள். லேசான மூக்கொழுகல் மட்டும் என்றால், பிள்ளையும் தெம்பாக இருந்தால், அனுப்புங்கள், அதற்கெல்லாம் லீவு போட்டால் குளிர்காலம் முழுக்க வீட்டில்தான். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கேட்டு மருத்துவரை நச்சரிக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது. மூச்சு வாங்கி விலா எலும்புக்கு இடையே குழி விழுந்தாலோ, உதட்டின் உள்புறமும் நாக்கும் நீலம் பாரித்தாலோ, எட்டு மணி நேரம் சிறுநீரே போகாவிட்டாலோ, எழுப்பினால் சரியாக எழாவிட்டாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். குறைந்த காய்ச்சல் இரண்டொரு நாளில் திரும்பக் கூடுதலாக வந்தாலும் காட்டிவிட வேண்டும்.

பிள்ளை வராத நாளில் மணி அடிக்கும் முன்பே பள்ளிக்குச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வழியில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று அங்கே தேடத் தொடங்குவார்கள். பனிப்பொழிவால் பள்ளி திடீரென்று பாதியில் மூடினால் யார் அழைத்துவருவது என்பதையும் முன்பே பேசி வையுங்கள், பள்ளிப் படிவத்தில் அவசரத்துக்குக் கொடுத்த தொலைபேசி எண்கள் இன்னும் சரிதானா என்று இந்த வாரமே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.